வீட்டுல சுஷி: எந்த அரிசி, பச்சை மீன் போடலாமா?

மீனுப்பிரியன்: மக்களே, வீட்டுல சுஷி ரோல் பண்ணலாம்னு இருக்கேன். பொன்னி அரிசில வருமா? மார்க்கெட்ல வாங்குற மீனை அப்படியே பச்சையா வைக்கலாமா?

கடுகுதாளிப்பு: பொன்னி ஒட்டாதுங்க, உதிரியா போயிடும். ஜப்பான் குட்டை அரிசிதான் வேணும், கோஷிஹிகாரி மாதிரி. தண்ணி தெளியற வரைக்கும் கழுவி வேக வச்சு, 2 கப் அரிசிக்கு கால் கப் அரிசி வினிகர், 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, 1 டீஸ்பூன் உப்பு கரைச்சு சூடா இருக்கும்போதே ஊத்தி, கரண்டியால வெட்டுற மாதிரி கிளறணும், மசிச்சுடக் கூடாது, விசிறிக்கிட்டே ஆற விடுங்க. ஃபிரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, விறைச்சுடும். சுஷிக்கு உயிரே இந்த சோறுதான், மீன் அப்புறம்தான்.

நெய்தல்: மார்க்கெட் மீன் பச்சையா வேண்டவே வேண்டாம் ப்ளீஸ். அனிசாகிஸ்னு ஒரு புழு இருக்கு, அது சாக மைனஸ் 20 டிகிரில 7 நாள் உறையணும், நம்ம வீட்டு ஃப்ரீசர் பலதும் அந்த அளவுக்கு நிலையா குளிராது. அப்படி உறைய வச்சாலும் பாக்டீரியா சாகாது. ஜப்பான்லயே பச்சை சால்மன் சுஷி பரவினது 1980கள்ல நார்வே பண்ணை மீன் வந்த பிறகுதான்.

கடுகுதாளிப்பு: ஆமா, முதல்ல கப்பாமாக்கி பண்ணுங்க, வெறும் வெள்ளரிக்காய்தான். நோரியோட (சுருட்டுற கடற்பாசி தாள்) பளபள பக்கம் கீழ இருக்கணும், கைய வினிகர் தண்ணில நனைச்சுக்கிட்டு சோறை மெல்லிசா பரப்பி, மேல் ஓரத்துல ஒரு விரல் அளவு விட்டுட்டு சுருட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய ஈரத்துணில துடைங்க.

மீனுப்பிரியன்: ரொம்ப நன்றிங்க, அப்போ வெள்ளரிக்காய்லயே ஆரம்பிக்கிறேன். இறால் அவிச்சு வைக்கலாம்ல?

நெய்தல்: தாராளமா! ஜப்பான்லயும் எபி நிகிரிக்கு (கையால பிடிச்ச சோத்து மேல இறால் வச்ச சுஷி) பெரும்பாலும் அவிச்ச இறால்தான். வளையாம இருக்க குச்சி சொருகி அவிங்க.