கணக்கு வேலையை விட்டு வெல்டிங் கற்கலாமா?

கேள்வி (கடலூர் முதுநகர்)
பி.காம். முடித்து, புதுச்சேரியில் ஒரு கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 27. சம்பளம் ஒழுங்காக வருகிறது. ஆயினும் அன்றைக்கு நான் செய்து முடித்தது இன்னது என்று மாலையில் என்னால் சுட்டிக்காட்ட முடிவதில்லை. துறைமுகப் பக்கத்துப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்ததால் வெல்டிங்கில் எனக்கு நாட்டம் உண்டு. பட்டம் படித்தவன் பட்டறைக்குப் போவதா என்று அப்பா வருந்துகிறார். இந்த வயதில் ஐ.டி.ஐ.யில் சேர முடியுமா? சேர்ந்தாலும், அந்த வேலையில் மனநிறைவு நிலைக்குமா?

பதில் (நெய்வேலி, பைப் வெல்டர்)
வயது தடையில்லை, தம்பி. தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம்; வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்புதான். ஆனால் சான்றிதழோடு நின்றுவிட்டால் கேட் கிரில் வேலையே வாழ்க்கையாகிவிடும். அதற்கு மேல் பைப் வெல்டிங் பழகுங்கள். அதற்கான 6ஜி என்னும் திறன் தேர்வில் பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். அதைத் திருப்ப முடியாது, நாம்தான் அதைச் சுற்றி வர வேண்டும். பாய்லர் (நீராவிக் கொதிகலன்) குழாய்களைத் தொட வேண்டுமானால் இந்திய பாய்லர் விதிமுறைகளின்படி தனித் தகுதிச் சான்றும் தேவை. பற்றவைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுப்பார்கள். வெல்டிங் ராடில் ஈரம் இருந்திருந்தால் உள்ளே விழுந்த சிறு துளைகூடப் படத்தில் தெரிந்துவிடும். நம் வேலை சரியா தவறா என்பதை மேலாளரின் மனநிலை தீர்மானிக்காமல் அந்தப் படம் தீர்மானிப்பதே இத்தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி. வெயிலும் புகையும் உண்மைதான். முகக்கவசம் இல்லாமல் ஒரு நொடிகூடப் பற்றவைக்காதீர்கள்.

பதில் (புதுச்சேரி, ஏ.சி. மெக்கானிக்)
அண்ணன் சொன்னதை ஏற்கிறேன்; ஆனாலும் வெல்டிங் ஒன்றையே முடிவு செய்துகொள்ள வேண்டாம். ஒரே அசைவைப் பொறுமையாக மீண்டும் மீண்டும் செய்வதில் மகிழ்பவருக்கு வெல்டிங் பொருந்தும். கோளாறு எங்கே என்று தேடுவதில் மகிழ்பவருக்கு எங்கள் தொழிலோ எலக்ட்ரீஷியன் வேலையோ பொருந்தும், அவை இரண்டும் ஈராண்டுப் படிப்புகள். கடற்கரையை ஒட்டிய வீடுகளிலும் விடுதிகளிலும் உப்புக்காற்று ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட்டில் உள்ள காயிலை (குழாய்ச்சுருளை) அரித்துவிடுகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பிவிட்டு வந்தால், சில வாரங்களில் அதே வீட்டிலிருந்து மீண்டும் அழைப்பு வரும். நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, கசியும் இடத்தைக் கண்டு அடைத்து, வேக்கம் எடுத்த (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றிய) பிறகு கேஸ் நிரப்பினால்தான் அந்த வேலை முழுமையாகும். அப்படி முடித்துக் கொடுத்தால், வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்கும் நம் எண்ணையே கொடுப்பார். உங்கள் கணக்குப் படிப்பும் வீணாகாது: நன்றாக வேலை தெரிந்தும் கூலியையும் பொருள் செலவையும் ஜி.எஸ்.டி.யையும் சரியாகக் கணக்கிடத் தெரியாமல் நட்டப்படுபவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன்.

பதில் (கடலூர், ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்)
வேலையை உடனே விடாதீர்கள். விடுமுறை நாட்களில் தெரிந்த பட்டறையில் கையாளாக நின்று, வெட்டுவதையும் கிரைண்டர் பிடிப்பதையும் செய்து பாருங்கள். பற்றவைக்கும் நேரத்தைவிட இவற்றுக்கே அதிக நேரம் போகும். அதுவும் பிடித்திருந்தால் சேருங்கள். படிப்பு முடிந்ததும் 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், உதவித்தொகையுடன் பெரிய ஆலைகளில் பயிற்சி பெறலாம், நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யும் பழகுநர்களை எடுக்கிறது. அப்பாவையும் ஒருநாள் அந்தப் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள்.