புதுப்பிப்பு: புது அலமாரியும் கண் எரிச்சலும்

படுக்கையறைக்கு பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை) அலமாரி வந்ததிலிருந்து கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு என்று போன மாதம் எழுதியிருந்தேன். பெயின்ட்டைத்தான் சந்தேகப்பட்டேன். பெயின்ட் இல்லை, அலமாரியேதான்.

ஒரு இழுப்பறையை இரண்டு நாள் மூடி வைத்துத் திறந்தேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மரத்தூளை ஒட்ட யூரியா ஃபார்மால்டிஹைடு பசை போடுகிறார்கள். வெப்பமும் ஈரப்பதமும் ஏற ஏற அந்தப் பசை ஃபார்மால்டிஹைடு வாயுவை அதிகமாக வெளியே விடும். நாங்களோ ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி போட்டோம். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிவிடும், புதுக்காற்று வராது.

பின்பக்கமும் ஓரங்களும் லேமினேட் இல்லாமல் அப்படியே கிடந்தன. கார்பென்டர் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மூடினோம். பகலில் ஜன்னல் திறந்து, வெளியே பார்த்து ஒரு ஃபேன். அந்துருண்டையையும் எடுத்துவிட்டேன், அதன் நெடி வேறு.

ஏர் பியூரிஃபையர் வாங்கச் சொன்னவர்களுக்கு: ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது, அதற்குக் கணிசமான அளவு ஆக்டிவேட்டட் கார்பன் (வாயுவை ஈர்த்துக்கொள்ளும் கரி) வேண்டும். செடி வைக்கச் சொன்னவர்களுக்கு: மணி பிளான்ட் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் எரிச்சல் நின்றது. இழுப்பறைக்குள் நெடி இன்னும் லேசாக இருக்கிறது, அதனால் குழந்தை துணியை அங்கே வைக்கவில்லை.