5 மாதத்தில் 7 முறை நடுரோட்டில் நின்ற புது ஸ்கூட்டர்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி – திண்டுக்கல்வாசி

வணக்கம். தை மாதம் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன், ஆன்ரோடு 1,32,000 ரூபாய், அதில் பாதிக்கு மேல் லோன். மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்பிளே அணைந்து வண்டி நின்றுவிட்டது. அதிலிருந்து இதுவரை ஏழு முறை ஆகிவிட்டது. போன வாரம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது பைபாஸில் நின்றது, பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறான், ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் அசையவில்லை. அம்மா இறங்கி என் சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓரத்துக்கு வந்தார். இனி அந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்கிறார்.

ஷோரூமில் ஒவ்வொரு முறையும் "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு சார், இனி வராது" என்கிறார்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். இப்போது கேட்டால் கம்பெனியிடம் பேசுங்கள் என்கிறார்கள், கம்பெனிக்கு போன் போட்டால் டீலரைப் பாருங்கள் என்கிறார்கள். வேறு வண்டியோ பணமோ கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? இஎம்ஐ கட்டுவதை நிறுத்திவிடலாமா?

பதில் 1 – மதுரை மாறன்

இஎம்ஐயை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் நண்பரே. லோன் உங்களுக்கும் பைனான்ஸ்காரருக்கும் உள்ள கணக்கு, வண்டி ஓடவில்லை என்பது அங்கே காரணமாக எடுபடாது. சிபில் ஸ்கோர் கெடும், வண்டியைத் தூக்கிக்கொண்டும் போய்விடுவார்கள், அப்புறம் வழக்கில் காட்ட வண்டியே உங்கள் கையில் இருக்காது.

காரில் இதே மாதிரி நான் பட்டிருக்கிறேன். கியர்பாக்ஸ் பிரச்சினை, ஒன்றரை வருடம் அலைந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டேன். புது கார் கிடைக்கவில்லை, ஆனால் கியர்பாக்ஸை முழுதாக மாற்றித்தர வேண்டும், நஷ்டஈடும் வழக்குச் செலவும் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. புது கார் ஏன் கிடைக்கவில்லை என்றால், முதல் மூன்று தடவை சர்வீஸுக்கு விட்டதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பதில் 2 – பழைய சர்வீஸ் அட்வைசர்

ஆறு வருடம் ஒரு சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு (வண்டியை விடும்போது குறையைப் பதிவு செய்யும் தாள்) போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் "ஓடும்போது நின்றுபோகிறது" என்று சொல்வீர்கள், கம்ப்யூட்டரில் "ஜெனரல் செக்கப்" என்று ஏறும். ஒரே புகார் திரும்பத் திரும்பப் பதிவானால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், அதனால் எங்களுக்கே அப்படிப் போடச் சொல்லியிருந்தார்கள். பின்னாளில் வழக்கு என்று வரும்போது அந்த இரண்டு வார்த்தைதான் உங்களுக்கு எதிராக நிற்கும், வாடிக்கையாளர் வழக்கமான சர்வீஸுக்குத்தான் வந்தார் என்பார்கள். நான் போட்ட கார்டுகளை நினைத்து இப்போதும் மனது உறுத்துகிறது.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஜாப் கார்டை வாசியுங்கள். நீங்கள் சொன்ன குறை நீங்கள் சொன்னபடி இல்லையென்றால் பேனாவை எடுத்து அதிலேயே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது "முழு திருப்தி" என்று ஒரு தாளை நீட்டுவார்கள், அதில் "ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்" என்று எழுதித்தான் கையெழுத்து. அடுத்த முறை நின்றால் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், ரோடு சைடு அசிஸ்டன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்கு வரும் எஸ்எம்எஸ்ஸில் தேதி, நேரம் எல்லாம் இருக்கும். டிஸ்பிளேயில் எரர் கோடு வந்தால் கிலோமீட்டரும் தெரியும்படி வீடியோ எடுங்கள்.

பதில் 3 – வக்கீல் அக்கா

தம்பி, உங்கள் கேள்விக்கு நேர் பதில்: கேட்கலாம், உரிமை இருக்கிறது. நம் நாட்டில் அமெரிக்காவில் உள்ள "லெமன் சட்டம்" மாதிரி இத்தனை தடவை பழுதானால் வண்டியைத் திரும்ப எடுத்தே ஆகவேண்டும் என்று தனிச் சட்டம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை தொடங்கியதிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித்தருவதற்குத்தான், முழு வண்டியையும் மாற்றுவதற்கு அல்ல என்ற அடிப்படையில் 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கம்பெனி வக்கீல்கள் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஆகவே தயாரிப்பிலேயே கோளாறு என்று நீங்கள் காட்ட வேண்டும். அதற்கு மனுவோடேயே வண்டியை நிபுணரிடம் சோதனைக்கு அனுப்பக் கேளுங்கள், சட்டத்தின் 38ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. இதைக் கேட்காமல் விட்டுத் தோற்றவர்கள் நிறையப் பேர். கன்ட்ரோலரை இரண்டு தடவை மாற்றியும் அதே குறை வந்திருக்கிறது பாருங்கள், அது உங்களுக்கு நல்ல பலம்.

எதிர்மனுதாரர்களாக டீலர், கம்பெனி இரண்டு பேரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் இருக்கிறவர் இல்லாதவரைக் கைகாட்டுவார். முதலில் இருவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள், கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனாலும் சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

திண்டுக்கல்வாசி

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் பையைத் தேடினேன். ஏழு தடவைக்கு நான்கு ஜாப் கார்டுதான் இருக்கிறது, அதில் இரண்டில் அட்வைசர் அண்ணன் சொன்ன மாதிரியே "ஜெனரல் செக்கப்". வயிறு எரிகிறது. மீதி மூன்றுக்கு என்ன செய்வது?

வக்கீல் அக்கா

இன்று ராத்திரியே டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே மெயில் போடுங்கள் தம்பி. ஏழு தேதியையும், ஒவ்வொரு முறையும் எங்கே நின்றது, என்ன செய்து தந்தார்கள் என்பதையும் வரிசையாக எழுதி, விடுபட்ட மூன்று ஜாப் கார்டின் நகலும் வண்டியின் முழு சர்வீஸ் ஹிஸ்டரியும் வேண்டும் என்று கேளுங்கள். மறுத்து பதில் வராவிட்டால் அந்த மெயிலே ஆவணம். அந்த நாட்களில் ஷோரூமுக்குப் போன் செய்த கால் லிஸ்ட், வாட்ஸ்அப்பில் பேசியது எதையும் அழிக்காதீர்கள். பைபாஸில் நின்றதை அம்மா ஒரு பிரமாண வாக்குமூலமாகத் தரலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.