டொக்கியுடிராமாவுக்குத் தமிழ்ச்சொல்: ‘ஆவண நாடகம்’ போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உயர்தர வகுப்பின் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்துக்காக ஹட்டனில் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து தொகுத்துவரும் சொற்பட்டியலில், டொக்கியுடிராமாவுக்கு (உண்மைச் சம்பவத்தை நடிகர்களைக் கொண்டு காட்டும் படைப்புக்கு) எதிரே உள்ள கட்டம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. சென்ற வாரம் இங்கே மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டன. சென்னை நண்பர் ‘மெய்ப்புனைவு’ என்றார். யாழ்ப்பாணத்து ஐயா ‘ஆவண நாடகம்’ என்றார். ‘விவரணச் சித்திரம்’ நம் நாட்டில் ஏற்கெனவே வேரூன்றிய சொல் என்பதால் ‘விவரண நாடகம்’ என்பதே இயல்பு என்று பேராதனையிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருந்தார். மூன்றையும் மதித்தே நான்காவது ஒன்றை முன்வைக்கிறேன்: ‘சான்றுவழி நாடகம்’.

சொற்களை வெறுமனே எடைபோடுவதைவிட, ஒரு படைப்பை எதிரில் வைத்துக்கொண்டு எந்தச் சொல் அதற்குப் பொருந்துகிறது என்று பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொள்வது, 1990 மார்ச் 28 அன்று பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி தயாரிப்பாக ஒளிபரப்பான ‘பேர்மிங்காமில் குண்டு வைத்தவர் யார்?’ என்ற படைப்பு.

அதன் பின்னணி இதுதான். 1974 நவம்பர் 21 இரவு பேர்மிங்காம் நகர மையத்தின் இரண்டு மதுச்சாலைகளில், சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 21 பேர் உயிரிழந்தனர். 180க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வட அயர்லாந்தில் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படை இங்கிலாந்து நகரங்களில் நடத்திவந்த குண்டுத் தாக்குதல்களின் தொடரில் வைத்தே அன்று முதல் அது பேசப்படுகிறது. அன்றிரவே பெல்பாஸ்டுக்குக் கப்பலேறச் சென்ற ஐவர் ஹேஷம் துறைமுகத்தில் பிடிபட்டனர். ஆறாமவர் பேர்மிங்காமில் கைதானார். பொலிஸ் காவலில் அடித்து உதைத்து நால்வரிடம் கையெழுத்து வாங்கிய வாக்குமூலங்களும், கைகளில் நைத்திரோகிளிசரீன் என்ற வெடிமருந்து பட்டிருந்ததாகக் காட்டிய கிறீஸ் (Griess) என்ற இரசாயனச் சோதனையுமே வழக்கின் இரு தூண்கள். 1975 ஆகஸ்டில் அறுவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சீட்டுக்கட்டின் மேற்பூச்சும் அந்தச் சோதனையில் அதே முடிவைத் தரக்கூடும் என்பதை 1985இல் கிரனாடாவின் புலனாய்வு நிகழ்ச்சியே செய்து காட்டியது. துறைமுகத்துக்குப் போன ரயிலில் அந்த ஐவரும் சீட்டாடிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனாலும் 1988இல் மேன்முறையீடு தள்ளுபடியானது. 1991 மார்ச் 14 அன்றுதான் அறுவரும் விடுதலையானார்கள்.

ஆகவே அந்தப் படைப்பு ஒளிபரப்பானபோது, சட்டத்தின் கண்ணில் அறுவரும் குற்றவாளிகளே. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அது சொன்னது. அதற்கும் மேலே ஒரு படி போய், அந்தக் கொலைகளுக்காக எந்த நீதிமன்றமும் தண்டித்திராத சிலரைப் பெயர் குறிப்பிட்டு, குண்டு வைத்தவர்கள் இவர்கள்தாம் என்றது. பல ஆண்டுகளாக இந்த வழக்கைத் துருவிய ஊடகவியலாளரும் பின்னர் நாடாளுமன்ற உறுப்பினருமான கிறிஸ் மலினாக, ஜோன் ஹேர்ட் என்ற பெயர்பெற்ற நடிகர் நடித்தார். திரையில் நாம் பார்ப்பது நடிகரின் முகம். காதில் விழுவது உண்மையான மனிதர்களின் உண்மைப் பெயர்கள். இந்த இரண்டையும் ஒருங்கே தாங்கக்கூடிய சொல்லே நமக்குத் தேவை.

‘மெய்ப்புனைவு’ கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் தமிழில் ஒரு கூட்டுச்சொல்லின் பொருளை இறுதிச் சொல்லே தாங்கும் என்பதால், படைப்பு முழுவதும் புனைவு என்றாகிவிடுகிறது. அதோடு ‘புனைந்த வழக்கு’, ‘புனைந்த வாக்குமூலம்’ என்று நாம் அன்றாடம் பேசும்போது அந்தச் சொல்லுக்குள்ள பொருள் வேறு. அந்த அறுவரின் வழக்கில் உண்மையிலேயே புனையப்பட்டவை பொலிஸ் எழுதிய வாக்குமூலங்கள். அதை அம்பலப்படுத்திய படைப்பின் தலையிலும் அதே சொல்லைச் சூட்ட என்னால் முடியவில்லை.

‘விவரண நாடகம்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விவரிக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எந்த நாடகமும் எதையாவது விவரிக்கத்தான் செய்யும்.

‘ஆவண நாடகம்’ என்பதோடு எனக்குள்ள கருத்து வேறுபாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அது பரவலாக ஏற்கப்படக்கூடிய சொல். ‘ஆவணப்படம்’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அதன் உடன்பிறப்பாக எளிதில் ஒட்டிக்கொள்ளும். தலைச்சொல் நாடகம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. பிரித்தானியத் தொலைக்காட்சியாளர்கள் ‘டிராமா டொக்கியுமென்டரி’ என்றும் ‘டொக்கியுமென்டரி டிராமா’ என்றும் இரண்டு விதமாகவும் வழங்குவதுண்டு. நாம் ‘நாடக ஆவணம்’ என்று திருப்பிப் போட்டால் அது ஓர் ஆவணம் என்றாகிவிடும், அது கூடாது. என் தடை முன்சொல்லின் மீதுதான்.

இந்த வடிவம் பிறந்ததே ஆவணம் எட்டாத இடத்தில். கிரனாடாவில் இதற்கு அடித்தளமிட்ட லெஸ்லி வுட்ஹெட், 1970இல் சோவியத் அதிகாரத்தை எதிர்த்த ஜெனரல் கிரிகரெங்கோவின் கதையை எடுத்தபோது, அவரை அடைத்துவைத்த இடத்துக்குள் எந்தக் கமராவும் போக முடியவில்லை. வெளியே கடத்தி வரப்பட்ட அவருடைய எழுத்தை வைத்து நடிகர்களைக் கொண்டே அதைக் காட்ட வேண்டியிருந்தது. பேர்மிங்காம் வழக்கின் விசாரணை அறையும் அப்படித்தான். அங்கே நடந்ததற்குப் படச்சுருள் இல்லை, ஒலிநாடா இல்லை. அங்கிருந்து வெளிவந்த ஆவணம் பொலிஸ் எழுதிய அந்த வாக்குமூலங்களே, அவை பொய்யானவை. பொய்யைச் சொன்னது ஆவணம், உண்மையைச் சொன்னது அடிபட்டவர்களின் வாய்மொழி என்றிருக்கும் ஒரு கதைக்கு ‘ஆவண நாடகம்’ என்று பெயரிடுவது, எந்தப் பக்கம் நம்பத்தக்கது என்பதையே தலைகீழாக்கிவிடுகிறது.

மலையகத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பனோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததை நிறுவச் சொன்னபோது, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) பிறந்தவர்களில் பெரும்பாலானோரிடம் காட்டுவதற்குப் பிறப்புப் பதிவு இருக்கவில்லை. பிறந்தது உண்மை, கடதாசி இல்லை. நாளை நம் பிள்ளைகளில் ஒருவர் அந்தக் காலத்தைத் தொலைக்காட்சிக்கு எடுப்பாரானால், அவருக்குக் கைகொடுக்கப்போவது பாட்டிமாரின் பேச்சும், கங்காணி காலத்துப் பாட்டும், வீட்டுத் தகரப்பெட்டியில் எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு கடிதங்களுமே. ‘ஆவண நாடகம்’ என்ற பெயருக்குள் அந்தப் படைப்பு நுழைவதே கடினம். ‘சான்று’ என்றால் இவை யாவும் அடங்கும். எழுத்தும் சான்று, வாய்மொழியும் சான்று, ஆய்வுகூட முடிவும் சான்று.

இனி ‘வழி’ என்பதற்கு வருகிறேன். நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுக்கிறது. முன்னோர் நூலின் முடிவோடு முழுவதும் ஒத்துநின்று, பின்னோன் தனக்கு வேண்டிய சில வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். ஒரு பகுதி மட்டும் ஒத்து, மற்றவற்றில் வேறுபடுவது சார்புநூல். நம் வடிவத்துக்கு வழிநூலைவிடப் பொருத்தமான இலக்கணத்தை நான் காணவில்லை. உரையாடலை ஆசிரியர் எழுதலாம், இரண்டு சந்திப்புகளை ஒன்றாக்கலாம், நேரத்தைச் சுருக்கலாம். ஆனால் சான்று கொண்டுபோய் நிறுத்திய முடிவை அவர் மாற்றக்கூடாது. உண்மைச் சம்பவத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தன் விருப்பப்படி கதை சொல்லும் தொடர்களை ‘சான்றுசார் நாடகம்’ என்று தனியே பிரித்து வைத்தால், இன்று ஒரே கூடையில் கிடக்கும் இரண்டும் வேறாகிவிடும். வடமொழி எழுத்து எதுவும் இல்லை. ‘சான்றுவழித் தொடர்’, ‘சான்றுவழிக் காட்சி’ என்று அடுத்த சொல்லோடும் தடையின்றிப் புணர்கிறது.

வகுப்பில் அந்தப் பேர்மிங்காம் படைப்பின் ஒரு பகுதியைத் திரையிட்டபோது பதின்மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “சேர், இது அந்த நேரம் எடுத்ததா, பிறகு நடிச்சதா?” என்று கேட்டாள். ‘நடித்தது’ என்றேன். “அப்ப இதில சொல்லுற பேருகள்?” என்றாள். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல உதவும் ஒரு பெயரைத்தான் தேடுகிறேன்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து

மறுமொழி: பதுளையிலிருந்து

சேருக்கு வணக்கம். முன்சொல்லைப் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. முதலாவது, ‘சான்று’ என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் வருவது சான்றிதழ், சான்றுப்படுத்திய பிரதி. ‘சான்றுவழி’ என்றால் அரசாங்கமே முத்திரை குத்திய உண்மை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? பேர்மிங்காம் குண்டுகளுக்காக இன்றுவரை உண்மைக் குற்றவாளிகள் எவரும் தண்டிக்கப்படவில்லை. அப்படியிருக்க அந்தப் படைப்பு பெயர் சொன்னதை நாம் உறுதிப்படுத்துவது போலாகிவிடக் கூடாது. இரண்டாவது, வீட்டில் ‘நாடகம் பார்க்கிறோம்’ என்றால் மாலை நேரத்து மெகா தொடர்தான். ஒருவன் நடிக்கிறான் என்பதை ‘நாடகமாடுகிறான்’ என்றே ஏசுகிறோம். தலைச்சொல்லாக ‘நாடகம்’ வந்தால் படைப்பின் கனம் குறைந்துவிடாதா?

மறுமொழி: ஹட்டனிலிருந்து

தங்கச்சிக்கு வணக்கம். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்.

சான்று வேறு, தீர்ப்பு வேறு. ‘பொய்ச்சான்று’ என்ற சொல்லும் நம்மிடம் உண்டு; சான்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆவணத்தை மக்கள் அவ்வளவு எளிதில் கேள்வி கேட்பதில்லை. ‘சான்றுவழி’ என்று சொன்ன மாத்திரத்தில் ‘யாருடைய சான்று, எங்கே இருக்கிறது?’ என்று மாணவர் கேட்கலாம். இந்தப் படைப்பில் அந்தக் கேள்வி கூர்மையானது. மலினிடம் பேசியவர்களில் ஒருவரை அடையாளம் காட்டும் குறிப்புகளைக் கையளிக்குமாறு பொலிஸ் வழக்காடியபோது, தனக்குத் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவர் நின்றார். 2022இல் லண்டன் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அதாவது, படைப்பு சுட்டிய சான்றில் ஒரு பகுதி இன்னும் பொதுவெளியில் இல்லை. அதை மாணவர் அறிந்துகொண்டு பார்க்க வேண்டும். நம் நாட்டிலும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தை ஏற்கத்தக்க சான்றாக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் பிள்ளைகளை இழந்த வீடுகள் தோட்டங்களிலும் உண்டு. சான்று எப்படிப் பெறப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நம் மாணவருக்கு அவசியம் தேவை.

‘நாடகம்’ பற்றி: மாசியில் நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது, மன்மதனாக ஆடுபவர் எந்த லயத்துப் பையன் என்பது சுற்றி நிற்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அவன் எரியும் கட்டத்தில் யாரும் சிரிப்பதில்லை. நடிப்பு என்று தெரிந்ததால் கனம் குறைந்துவிடுவதில்லை. மெகா தொடர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன என்பதற்காக நாம் அதைக் கைவிட வேண்டியதில்லை.

‘சான்றுசார்’ என்பதில்தான் எனக்கே நிறைவில்லை. ‘வழி’க்கும் ‘சார்’புக்கும் உள்ள வேறுபாடு நன்னூல் படித்தவருக்குப் புரியும், ஊடகம் படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். இந்த இரண்டாம் வகைக்கு ‘சம்பவம் தழுவிய நாடகம்’ என்று நீட்டி எழுதலாமா என்று யோசிக்கிறேன். பட்டியல் அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்தை எழுதுங்கள். யாழ்ப்பாணத்து ஐயாவின் மறுப்பையும் எதிர்பார்க்கிறேன்.