ஃப்ரீசரில் வைத்த வெண்ணெயில் வாடை, அவசரம்

அரைத்தூக்கம்:
வெண்ணெயை ஃப்ரீசரில்தான் வைத்திருந்தேன். இன்று எடுத்தால் மேலே அடர் மஞ்சள், ஒரு மாதிரி வாடை வேறு. ஃப்ரீசரில் கெடாதுதானே? நாளைக் காலை கேக் செய்யணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

மோர்க்கிண்ணம்:
எத்தனை மாதம் ஆயிற்று? உப்பு போட்டதா? கடையில் வாங்கியதா, கடைந்ததா? ‘ஒரு மாதிரி’ என்றால் என்ன மாதிரி?

தகரடப்பா:
கேட்கவே வேண்டாம், கரண்ட் போய் வந்திருக்கும். உருகி மறுபடி உறைந்தால் இப்படித்தான்.

பழையபெருச்சாளி:
வாரம் ஒருவர் இதையே கேட்கிறீர்கள், தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது. ஆனால் காற்று பட்டுக் கொழுப்பு காறிப்போவது மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். அடர் மஞ்சள், மேல்பரப்பில் ஈரம் வற்றியதால். ஒழுங்காகச் சுற்றவில்லை, அவ்வளவுதான்.

மோர்க்கிண்ணம்:
உருகியிருந்தால் கட்டியின் வடிவம் குலைந்திருக்குமே. மேலே கொஞ்சம் சீவிவிட்டு உள்ளே முகர்ந்து பாருங்கள். உள்ளே நன்றாக இருந்தால் தப்பித்தீர்கள்.

உப்புக்கல்:
உப்பு போட்ட வெண்ணெய் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

பழையபெருச்சாளி:
உப்பு கிருமியைத் தடுக்கும் ஐயா, காற்றை எப்படித் தடுக்கும்?

உப்புக்கல்:
அப்போ உப்புள்ளது கூடுதல் நாள் தாங்கும் என்று எல்லாரும் சொல்வது பொய்யா?

பழையபெருச்சாளி:
வெளியே வைத்தால் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். உறைந்து கிடக்கும் இடத்தில் கிருமிக்கு என்ன வேலை?

அரைத்தூக்கம்:
வீட்டில் கடைந்ததுதான், சொல்லவில்லையா? 3 மாதம் இருக்கும். கிண்ணத்தில் திறந்தபடி. பக்கத்தில் நறுக்கிய வெங்காயம் இருந்தது.

மோர்க்கிண்ணம்:
அடடா, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! வெண்ணெய் பக்கத்து வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை கடைந்ததும் குளிர்ந்த நீரில் பிசைந்து, நீர் தெளியும் வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். உள்ளே மோர் தங்கினால் சீக்கிரம் புளிக்கும். ஒரு தடவைக்கு வேண்டிய அளவு துண்டுகளாக்கி, பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, மேலே அலுமினியத் தாள், அப்புறம் காற்றை அழுத்தி வெளியேற்றிய ஜிப் பை. தேதி எழுதுங்கள். தேவைப்படும்போது முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் போதும்.

தகரடப்பா:
இத்தனை சுற்று எதற்கு? மூடி இறுகும் கண்ணாடி டப்பா போதும்.

உப்புக்கல்:
டப்பா பாதி காலியானால் மீதி இடத்தில் இருப்பது காற்றுதானே?

அரைத்தூக்கம்:
சீவிப் பார்த்தேன். உள்ளேயும் வெங்காயம். கேக்குக்கு வேறு வாங்கிவிட்டேன், நன்றி.

தகரடப்பா:
சரி, கரண்ட் போனதா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே!