எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்: மூன்று மருந்தும் ஒருசேர வேண்டுமா?

கதிரேசன்:
ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி, டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து, அந்த ஹார்மோன் புற்றுசெல்லில் வேலை செய்யாமல் தடுக்கும் டாரோலூடமைட் மாத்திரை மூன்றையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுப்பதுதான் சரி என்று பலர் எழுதுகிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் காட்டுவது 2022-இல் வெளியான அராசென்ஸ் ஆய்வு. அதில் இரண்டு பிரிவுக்கும் ஊசியும் கீமோவும் உண்டு; ஒரு பிரிவுக்கு மாத்திரை, மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரை. அப்படியென்றால் நிரூபணமானது மாத்திரையின் பலன் மட்டும்தான். கீமோ இல்லாமல் ஊசியும் மாத்திரையும் மட்டும் எடுத்தவர்கள் அதில் இல்லவே இல்லை.

மீனாட்சி_சு:
கதிரேசன் சார், நான்கு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் மூன்றும் எடுத்த பிரிவில் 62.7 சதவீதம், மற்றதில் 50.4. இது சின்ன வித்தியாசமா? கீமோவுக்கும் தனி ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் சார்ட்டட் ஆய்வில் 790 பேர். ஊசி மட்டும் போட்டவர்களில் பாதிப் பேர் 44 மாதம் தாண்டினார்கள். கீமோ சேர்ந்தபோது அந்தக் கணக்கு 57.6 மாதமானது.

கதிரேசன்:
சார்ட்டட் ஒப்பிட்டது வெறும் ஊசியோடு, அம்மா. இன்று மாத்திரை வந்துவிட்டது. அதற்கு மேல் கீமோ என்ன தருகிறது என்பதே என் கேள்வி. மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை ஏற்றுகிறார்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு இறங்கும், அதனால் காய்ச்சல் என்றால் நள்ளிரவிலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் மாமாவுக்கு விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானை அத்தைதான் போட்டுவிட்டார். மருந்து கூடினால் பலன் கூடும் என்றும் இல்லை. ஊசிக்கு அடங்காத நோய்க்கு, உடம்பில் ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் அபிராடிரோன் மாத்திரையோடு, எலும்பில் சேரும் கதிரியக்க மருந்தான ரேடியம்-223 சேர்த்துப் பார்த்த ஆய்வில் எலும்பு முறிவுதான் கூடியது.

ஹரிணி_லண்டன்:
அண்ணா, சேர்த்துச் சோதித்ததால்தானே அதுவும் தெரிந்தது? இங்கே பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய ஸ்டாம்பீட் ஆய்வைப் பாருங்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெறும் ஒரே பொதுப் பிரிவோடு பல மருந்துகளை ஒப்பிட்டு, பலன் தெரியாததைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். செலகாக்சிப் என்ற வலி மருந்து அப்படித்தான் போனது. ஊசியோடு அபிராடிரோன் சேர்ந்தபோது மூன்றாண்டு தாண்டியவர்கள் 76 சதவீதத்திலிருந்து 83 ஆனார்கள். அதன் மேல் டாரோலூடமைட் வகையைச் சேர்ந்த என்சலூடமைடும் சேர்த்தார்கள்: ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவு கூடியது. ஒவ்வொரு சேர்க்கையையும் இப்படித்தான் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வகையில் அராசென்ஸில் குறை இருக்கிறது என்பதில் நான் கதிரேசன் அண்ணா பக்கம்.

மீனாட்சி_சு:
குறை இருக்கட்டும், ஹரிணி. கல்லீரல் வரை பரவி, உடம்பில் தெம்போடு வரும் 55 வயதுக்காரருக்கு இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். அவருக்கு நான் மூன்றையும்தான் கேட்பேன். நோய் குறைவாகப் பரவிய முதியவருக்குக் கீமோ வேண்டாம் என்றால், சரி, விட்டுவிடலாம்.

கதிரேசன்:
அந்த 55 வயதுக்காரரிடமும் கீமோவின் கூடுதல் பலனை அராசென்ஸ் அளக்கவில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டுச் சம்மதக் கையெழுத்து வாங்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மாமாவிடம் மூன்றும் நிரூபணமானது என்றுதான் சொன்னார்கள்.