பதற்றம் தணிந்த பிறகு தூதரக வேலையில் நிஜமாக என்ன மாறுகிறது?

முகில்:
1970களில் அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் நடுவே நிலவிய ‘தேதாந்த்’ (பதற்றத் தணிவு) பற்றி எதை எடுத்தாலும் "உறவு சீரடைந்தது" என்ற வரியோடு முடித்துவிடுகிறார்கள். தலைவர்கள் கைகுலுக்கிய படம் சரி. அதன் பிறகு அதிகாரிகள் உட்கார்ந்து செய்த வேலை என்ன? எதை எண்ணினார்கள், எங்கே சறுக்கியது? பகை அப்படியே இருக்க ஒப்பந்தம் மட்டும் எப்படி நின்றது?

தராசு:
தணிவு வேறு, நட்பு வேறு. 1972 மே மாத மாஸ்கோ உச்சிமாநாடு முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, 1973 அக்டோபர் அரபு-இஸ்ரேல் போரில் அமெரிக்கா தன் படைகளை டெஃப்கான் 3 என்ற உயர் போர் ஆயத்த நிலைக்கு ஏற்றியது. அதே டிசம்பரில் இருவரும் அந்தப் போர் பற்றிய ஜெனீவா அமைதி மாநாட்டுக்கு இணைத் தலைவர்கள்!

மாறியது பேசுபொருள். "உன் கொள்கை தப்பு" என்பது ஓய்ந்து, "உன்னிடம் எத்தனை?" என்பது தொடங்கியது. அணு ஆயுத ஏவுகணைகளுக்கு வரம்பு போடும் ‘சால்ட்’ பேச்சு 1969 நவம்பரில் ஹெல்சின்கியில் ஆரம்பித்து 1972 மே 26 அன்று கையெழுத்தானது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்கான ஏவிகள் அமெரிக்காவுக்கு 1,054, சோவியத்துக்கு 1,618. குறைவான எண்ணுக்கு அமெரிக்கா ஏன் ஒத்துக்கொண்டது என்று பலர் கேட்பார்கள். குண்டுவீச்சு விமானங்கள் கணக்கில் வரவில்லை. ஏவுகணைத் தலையில் எத்தனை வெடிமுனை என்பதும் வரவில்லை. அமெரிக்காவின் மினிட்மேன் 3 ஏவுகணை ஒன்றில் மூன்று பொருத்தலாம்.

ஏவியை மட்டும் எண்ணியதற்குக் காரணம் எளிது: செயற்கைக்கோளுக்குத் தெரிவது தரையில் தோண்டிய ஏவுகுழிதான். மூடிக்குள் ஒன்று இருக்கிறதா மூன்றா என்று மேலிருந்து சொல்ல முடியாது. எனவே எண்ண முடிந்தது உறைந்தது, எண்ண முடியாதது பெருகியது. சால்ட்டின் பெரிய ஓட்டை இதுதான்.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. சால்ட் கையெழுத்தான அதே நாளில், ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளுக்கு வரம்பு போட்டுக் கையெழுத்தான ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவு, எதிராளியின் ‘தேசியத் தொழில்நுட்பச் சாதனங்களுக்கு’ (வேவு செயற்கைக்கோள் போன்றவை) இடையூறு செய்யக் கூடாது, வேண்டுமென்றே மறைக்கக் கூடாது என்கிறது. வேவு பார்ப்பதற்கே சட்டப் பாதுகாப்பு! மீறல் என்று சந்தேகம் வந்தால் பத்திரிகைக்குப் போகாமல் இரு நாட்டு அதிகாரிகளும் கூடும் நிலையான ஆலோசனை ஆணையத்தில் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் மினிட்மேன் ஏவுகுழிகளில் வேலை நடக்கும்போது மேலே கூரைபோல மறைப்பு போட்டார்கள். மழை, பனி படாமலிருக்க என்றார்கள். "இது மறைத்தல்" என்று சோவியத் தரப்பு அங்கே புகார் வைத்தது. கடைசியில் மறைப்பின் அளவைச் சுருக்கினார்கள். தணிவுக் கால ராஜதந்திரத்தின் அன்றாடம் இந்த மாதிரிச் சில்லறை வேலைதான்.

வரைவுக்காரன்:
எண்ணைத் தராசு சொல்லிவிட்டார். பாதிக் கதை சொல்லில் இருக்கிறது. 1971 செப்டம்பர் 3 அன்று நான்கு வல்லரசுகள் (அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத்) போட்ட பெர்லின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அது முழு பெர்லினுக்கா, மேற்குப் பகுதிக்கு மட்டுமா என்பதிலேயே உடன்பாடு இல்லை. தீர்வு? முன்னுரையில் ஊர்ப் பெயரையே விட்டுவிட்டு "சம்பந்தப்பட்ட பகுதி" என்று எழுதினார்கள். அவரவர் விருப்பப்படி படித்துக்கொள்ளலாம்.

அதிகாரபூர்வ மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் மட்டும். ஜெர்மன் கிடையாது. இரு ஜெர்மனிகளும் தனித்தனியே மொழிபெயர்த்தன. மேற்கு பெர்லினுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் உள்ள உறவுக்கு மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பான் போட்ட சொல் ‘பிந்துங்கன்’, கிழக்கு போட்டது ‘ஃபெர்பிந்துங்கன்’. தமிழில் சொன்னால் ஒன்று ‘பிணைப்பு’, மற்றது வெறும் ‘தொடர்பு’. இந்த ஒரு முன்னொட்டுக்காக ஆண்டுக்கணக்கில் சண்டை. ஆனாலும் சாலையும் ரயிலும் ஓடின. மங்கலான வாசகம் வரைவாளரின் சோம்பல் இல்லை. தீராத வழக்கை ஒதுக்கிவைத்து மீதியை நடத்துவதற்கான கருவி.

1972 பிப்ரவரியில் அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட ஷாங்காய் கூட்டறிக்கை எதிர்த் திசையில் போனது. பூசி மெழுகாமல், "சீனத் தரப்பு சொன்னது", "அமெரிக்கத் தரப்பு சொன்னது" என்று முரண்பாட்டை அப்படியே அச்சிட்டார்கள். எனக்கு அதுதான் நேர்மையான வடிவமாகப் படுகிறது.

கடற்காகம்:
உச்சிமாநாட்டையே பார்க்காதீர்கள். 1972 மே 25 அன்று அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜான் வார்னரும் சோவியத் கடற்படைத் தலைவர் அட்மிரல் கோர்ஷ்கோவும் கையெழுத்திட்ட கடல் சம்பவங்கள் ஒப்பந்தம் சில பக்கம்தான், ஆனால் சால்ட்டைவிட நன்றாக வேலை செய்தது. எதிர்க் கப்பல்மீது பீரங்கியையோ டார்பிடோ குழாயையோ திருப்பித் தாக்குவதுபோல பாவனை செய்யக் கூடாது. கப்பலை இயக்கும் மேடைமீது தேடுவிளக்கு அடிக்கக் கூடாது. நகர்வைச் சைகையால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற எண் இதில் கிடையாது. எண் போட்டால் அந்த எல்லைவரை வந்து உரசிப் பார்ப்பார்கள், பிறகு அளவுச் சண்டை வரும். ஆண்டுக்கு ஒருமுறை இரு கடற்படைகளும் நேரே உட்கார்ந்து சம்பவங்களை அலசின. சீருடைக்காரர்கள் தங்களுக்குள் பேசியதால் அரசியல் புயல் அடித்தபோதும் ஏற்பாடு நின்றது. மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகள் இதில் வரவில்லை, அது குறைதான்.

முகில்:
அருமை. அப்படியானால் எங்கே உடைந்தது?

தராசு:
ஓர் இடத்தில் இல்லை. அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிங்கரும் சோவியத் தூதர் டோப்ரினினும் 1969 பிப்ரவரியிலிருந்து தனி வழியில் பேசினார்கள். ஹெல்சின்கியிலும் வியன்னாவிலும் உட்கார்ந்திருந்த ஜெரார்ட் ஸ்மித்தின் அதிகாரபூர்வ அமெரிக்கப் பேச்சுக் குழுவுக்குப் பல விஷயம் தெரியாது. வேகம் கிடைத்தது, நுட்பம் தவறியது: நீர்மூழ்கி ஏவுகணைகள் சேருமா சேராதா என்பதை அந்த வழியில் தெளிவாக்காமல் விட்டார்கள், பிறகு அதைச் சரிக்கட்டத் தனிப் பாடு.

உள்நாட்டைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளியது அடுத்த அடி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஜாக்சன்-வானிக் திருத்தம் வணிகச் சலுகையை, சோவியத் குடிமக்கள் வெளிநாடு குடிபெயரும் உரிமையோடு முடிச்சுப் போட்டது. 1975 ஜனவரியில் அது சட்டமானதும் அதே மாதம் 1972 வணிக ஒப்பந்தத்தை மாஸ்கோ உதறியது. 1979 ஜூன் 18 அன்று வியன்னாவில் கையெழுத்தான சால்ட் 2, ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்த பிறகு செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. இருந்தும் அதன் வரம்புகளை இரு தரப்பும் சில ஆண்டுகள் பெரும்பாலும் மதித்தன.

வரைவுக்காரன்:
மூன்றாம் நாடுகளை விட்டுவிட்டீர்கள். நிக்சன் சீனா போகப்போவதை 1971 ஜூலை 15 அன்று அறிவித்தபோது டோக்கியோவுக்குச் சில நிமிட முன்னறிவிப்புதான். 1972 செப்டம்பரில் ஜப்பான் பிரதமர் தனாகா பெய்ஜிங் சென்று உறவை ஏற்படுத்தினார், அமெரிக்காவுக்கே ஆறு ஆண்டுக்கு மேல் முன்னதாக. கிஸிங்கரின் ரகசிய பெய்ஜிங் பயணத்துக்கு வழிசெய்தது பாகிஸ்தான். அறிவிப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 9 அன்று இந்தியா சோவியத்துடன் நட்புறவு ஒப்பந்தம் போட்டது. அந்த வரைவு முன்பே மேசையில் இருந்ததுதான். ஜூலைச் செய்தி கையெழுத்தை அவசரப்படுத்தியது.

கடற்காகம்:
முகில், நேரம் இருந்தால் இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐரோப்பியப் பாதுகாப்பு பற்றிய 1975 ஹெல்சின்கி இறுதி ஆவணம்: 35 நாடுகள், 25,000 வீரர்களுக்கு மேல் பயிற்சி என்றால் 21 நாள் முன்னறிவிப்பு, பார்வையாளரை அழைப்பது அழைப்பவர் விருப்பம். 1986 ஸ்டாக்ஹோம் ஆவணம்: 13,000 வீரர் அல்லது 300 டாங்கி, 42 நாள், நேரில் வரும் ஆய்வை மறுக்க உரிமை கிடையாது. நடுவே 11 ஆண்டுகள், அதில் பாதி மறுபடியும் பனிப்போர்.